வண்டி கொதிக்கும் இடம்

வெள்ளத்துரையின் அம்பாசிடர் பட்டறை வாசலில் வந்து நின்றபோது அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆவி கிளம்பவில்லை. எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி வந்தவன் மட்டும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அண்ணாச்சி, வண்டி கொதிக்குது" என்றான்.

சௌடப்பன் பானட்டைத் தூக்கி ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஓடி வந்த வண்டிக்கு இருக்க வேண்டிய சூடுதான் இருந்தது.

"எங்கப்பா கொதிக்குது?"

"இங்க கொதிக்காது. திருச்சுழி தாண்டி நரிக்குடி ரோட்டுல போகையில கொதிக்கும். அங்க ஒரு எடம் இருக்கு. போன ஒடனே சூடு காட்டுற முள்ளு சர்ருன்னு ஏறிரும். நிப்பாட்டித் தண்ணி ஊத்தினாத்தான் நகரும்."

"ஒரே எடத்துலயா?"

"ஒரே எடத்துலதான்."

சௌடப்பனுக்குச் சிரிப்பு வந்தது. வண்டி கொதிக்கிறது என்று வருகிற டிரைவர்கள் எல்லோரும் ஓர் இடத்தைச் சொல்வார்கள். விசாரித்தால் அது மேடாக இருக்கும், இல்லாவிட்டால் லோடு அதிகமாக இருந்திருக்கும். நரிக்குடி ரோடோ தாம்பாளம் மாதிரி தட்டை. அங்கே எந்த வண்டியும் மூச்சு வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு ரோடு பிரிகிற இடத்தில் அவர் பட்டறை இருந்தது. அண்ணன் தம்பிகள் எல்லோரும் தறியில் இருந்தார்கள். இவருக்கு மட்டும் சின்ன வயதிலேயே நெருப்பும் ஈயமும் பிடித்துப்போய், மதுரையில் போய் வேலை பழகிவிட்டு வந்து ரேடியேட்டருக்கென்றே தனியாகக் கடை போட்டார். பிழைப்புக்குக் குறைவில்லை. அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் எல்லாம் உப்பு. அதை ஊற்றி ஓட்டுகிற வண்டிகளுக்குள் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்து குழாய்கள் அடைத்துக்கொள்ளும். லாரி, டிராக்டர், பஸ் என்று கோடை முழுக்க வாசலில் வரிசையாக நிற்கும். தொண்ணூற்று மூன்றாம் வருடம் சித்திரையில் வெயில் வேறு நின்று எரித்துக்கொண்டிருந்தது.

வெள்ளத்துரை வாடகைக் கார் ஓட்டுகிறவன். கல்யாண வீடு, துக்க வீடு, ஆஸ்பத்திரி என்று எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவான் என்று பெயர். பொய் சொல்லத் தெரியாதவன். அதனால் சௌடப்பன் வண்டியை உள்ளே விடச் சொன்னார்.

முதலில் ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். தொய்வில்லை. ஹோஸ் இரண்டையும் பிசைந்து பார்த்தார். வெடிப்பில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஒரு தகர டப்பாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதில் போட்டார். சூடு ஏறியதும் அது பூ மாதிரி வாயைத் திறந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். தண்ணீரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு குமிழி இல்லை. எண்ணெயிலும் தண்ணீர் கலக்கவில்லை.

அப்படியானால் உள்ளே அடைப்புதான் என்று முடிவுகட்டி, தண்ணீரை ஓர் அகலச் சட்டியில் வடித்துவிட்டு ரேடியேட்டரை இறக்கினார். ஊதுவிளக்கைப் பற்ற வைத்து ஓரத்து ஈயத்தை உருக்கி மேல் டேங்கைப் பெயர்த்தார். பெயர்த்தவர் அப்படியே குந்தியிருந்தார்.

உள்ளே ஒரு பொட்டு உப்பில்லை. வரிசை வரிசையாகக் குழாய்கள், புளி போட்டுத் தேய்த்த செம்பு மாதிரி மின்னின.

"இதை எப்ப மாத்தின?"

"மாத்தல அண்ணாச்சி. நீங்க ரெண்டு வருசத்துக்கு முந்திக் குத்திவிட்டீகளே, அதேதான்."

அதே ரேடியேட்டர்தான். ஓரத்தில் அவர் வைத்த ஈயப் பற்றே இருந்தது. அன்றைக்குக் குழாய்க்குள் கம்பியை விட்டுக் குத்தக் குத்த வெள்ளையாகச் சுண்ணாம்பு உதிர்ந்ததும், பாதிக் குழாய்கள் கடைசிவரை திறக்காமலே போனதும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போது எல்லாம் திறந்திருந்தன.

வடித்து வைத்த சட்டியிடம் போனார். வெயிலில் இருந்த சட்டி. விரலை விட்டவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். தண்ணீர் சில்லென்று இருந்தது. நாக்கில் தொட்டு வைத்தார். முதல் மழைத் தண்ணீர் மாதிரி அப்படியொரு ருசி. இன்னொரு முறை தொட்டு வைக்க வேண்டும் போலிருந்தது. அந்த ஆசையே அவருக்குப் பிடிக்கவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எந்தத் தண்ணியப்பா ஊத்துற?"

வெள்ளத்துரை வேறு பக்கம் பார்த்தான். "அங்கயே ஒரு அம்மா குடுப்பாக."

"நரிக்குடி ரோட்டுலயா? இந்தச் சித்திரையிலயா?"

அவன் சட்டியைத் தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் தன் பிளாஸ்டிக் கேனில் ஊற்றிக்கொண்டான்.

*

மறுநாள் அவன் மனைவி முருகேஸ்வரி வந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் பூ விற்கிறவள். கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, சுற்றிலும் ஆள் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"அண்ணே, அவுக வீட்டுத் தண்ணி குடிக்கிறதில்ல."

"அப்புறம்?"

"கேன்ல கொண்டு வாராகல்ல, அதான். சோறு திங்கையிலயும் அதான். எனக்கு ஒரு மடக்குக் குடுங்கன்னு கேட்டேன். அவுக கை நடுங்குதுண்ணே. தர மாட்டேன்னுட்டாக." அவள் குரல் உடைந்தது. "ஆளு மெலிஞ்சுட்டாக, பாத்தீகளா? தண்ணி குடிக்கக் குடிக்க வத்திப் போறாக. சவாரி இல்லாட்டியும் வண்டிய எடுத்துக்கிட்டு அங்க போறாக."

சௌடப்பன் வெள்ளத்துரையின் கழுத்தெலும்பை நினைத்துப் பார்த்தார். நேற்றே கண்ணில் பட்டதுதான். வெயில் என்று நினைத்திருந்தார்.

"அந்த எடத்துல வண்டி கொதிக்காமப் பண்ணிருங்கண்ணே. அவுக எறங்கவே கூடாது."

அது அவர் கையில் இருந்த வேலை. பழையதைத் தூக்கி வைத்துவிட்டு, அதைவிடக் கனமான புது ரேடியேட்டரைப் போட்டார். மூடி புதிது, பெல்ட் புதிது. வெள்ளத்துரை வேண்டாம் வேண்டாம் என்று முனகினான். சௌடப்பன் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் அவனோடு தானே ஏறிக்கொண்டு திருச்சுழி தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். தண்ணீர் இல்லாத கண்மாய், பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. ஓரிடத்தில் மட்டும் வெள்ளத்துரை தலையைத் திருப்பிக்கொண்டே போனான். தெரிந்தவர் யாராவது ரோட்டோரத்தில் நிற்க, நிறுத்தாமல் போகிறவன் இப்படித்தான் பார்ப்பான். அவன் உதடு அசைந்தது. சௌடப்பன் அந்தப் பக்கம் பார்த்தார். முள்ளும் வெயிலும்தான் இருந்தன.

"பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்றார்.

"ஆமா அண்ணாச்சி" என்றான் அவன். அவன் கண்ணில் நீர் நின்றது.

*

சித்திரை முடிவதற்குள் வண்டி மறுபடியும் வந்தது. இந்தத் தடவை நிஜமாகவே ஆவி பறக்க வந்தது. சௌடப்பன் பானட்டைத் தூக்கினார். பெல்ட் தொளதொளவென்று கிடந்தது. அதைப் பிடித்திருக்கிற போல்ட்டில் ஸ்பேனர் பட்ட புதுக்கீறல். குனிந்து முன்னால் பார்த்தார். கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், காற்றே புகாதபடி ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்து அளவாக வெட்டிச் சொருகியிருந்தது.

அட்டையை உருவி அவன் முன்னால் போட்டார்.

"வண்டியக் கொதிக்க வக்கிறதே நீதானா?"

வெள்ளத்துரை கீழே உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க புதுசு போட்ட பெறகுதான் இப்படிப் பண்ணேன். மொதல்ல தானாத்தான் கொதிச்சுச்சு அண்ணாச்சி, சத்தியமா. பங்குனியில ஒரு நாள், வீரசோழன் ஊருக்கு ஒரு சவாரி. முள்ளு ஏறுது, ஓரங்கட்டலாம்னு பாக்கேன். நான் இன்னும் பிரேக்கே போடல, அந்தம்மா இடுப்புல கொடத்தோட ரோட்டோர முள்ளுக்குள்ள நிக்கிறாக. வண்டி இங்கனதான் நிக்கும்னு தெரிஞ்ச மாதிரி. வாங்கி ஊத்தினேன். மிச்சத்தைக் குடிச்சேன்." அவன் பார்வை கேன் பக்கம் போனது. "அதுக்கப்புறம் எனக்கு வேற தண்ணி எறங்கல."

"சவாரிக்காரங்க பாக்கலியா?"

"நான் ஒதுங்கப் போறேன்னு நெனச்சுக்கிடுவாக. அந்தம்மா முள்ளுக்குள்ள தள்ளித்தான் நிப்பாக. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேப்பாக. தம்பி, வண்டியில எடம் இருக்கான்னு. சவாரி இருக்குதும்மா, அடுத்த தடவைம்பேன். சரி தம்பின்னுட்டுத் தண்ணி ஊத்துவாக. கோவமே கெடையாது."

"வெறும் வண்டியா போனியே, அப்ப?"

வெள்ளத்துரை தரையில் கிடந்த அட்டையை எடுத்து மடித்தான்.

"அப்பவும் எடம் இல்லன்னுதான் சொன்னேன். பயந்தான் அண்ணாச்சி. அதுமட்டுமில்ல, ஏத்திக் கொண்டுபோயி விட்டுட்டா, அப்புறம் எனக்குத் தண்ணி யாரு குடுப்பா?"

சௌடப்பன் நாற்பதைத் தாண்டியவர். பேய், முனி என்றால் காதைப் பொத்திக்கொள்கிற ஆள் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஆளும் இல்லை. ஆனால் அந்தச் சட்டித் தண்ணீரின் குளிர்ச்சி அவர் விரலில் இன்னும் இருந்தது. தானே பெல்ட்டை இறுக்கினார். தானே தண்ணீர் நிரப்பி மூடியைத் திருகினார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, "எடு, போய்ப் பாப்போம்" என்றார்.

உச்சிவெயில் சாய ஆரம்பித்திருந்த நேரம். திருச்சுழி தாண்டியது. முள் பாதியில் நின்றது. கண்மாய்க் கரை தெரிந்ததும் அது எழுந்தது. மெல்ல ஏறவில்லை. யாரோ விரலால் தள்ளிய மாதிரி ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

வெள்ளத்துரை வண்டியை நிறுத்தினான். "இன்னைக்கு நான் ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி."

சௌடப்பனுக்குத் தெரியும். இறங்கிப் பானட்டைத் தூக்கினார். எஞ்சினிலிருந்து அனல் அடித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் தொட்டவர் துணியை எடுத்துவிட்டார். ரேடியேட்டர் கிணற்றுக் கல் மாதிரி குளிர்ந்து கிடந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீரே இல்லை. கீழே குனிந்து பார்த்தார். தார் ரோட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை. வந்த வழியிலும் இல்லை. பட்டறையில் தன் கையால் நிரப்பிய தண்ணீர், ஒழுகாமல், ஆவியாகாமல், எங்கேயோ போயிருந்தது.

வெள்ளத்துரை கேனை எடுத்துக்கொண்டு கருவேல முள்ளுக்குள் நுழைந்தான். கொஞ்ச தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பெரியவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி தலை தாழ்ந்திருந்தது. ஏதோ பேசினான். பதிலுக்கு நிற்கிற மாதிரி நின்றான். பிறகு கேனை நீட்டினான். அப்போது சௌடப்பனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. குடத்திலிருந்து கேனுக்குள் தண்ணீர் விழுகிற சத்தம். நிறைய நிறைய அது ஒடுங்கிக் கூர்மையாகிக்கொண்டே வந்தது.



"அவுக அங்க என்ன பண்றாக?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்ததும் தூக்கிவாரிப் போட்டது. கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆள். பால்பாண்டி என்று பிறகு பெயர் சொன்னார். "அங்கன பாழுங்கெணறு கெடக்குய்யா. வெளிய வரச் சொல்லுங்க."

"தண்ணி ஊத்துற சத்தம் ஒங்களுக்குக் கேக்குதா?"

பால்பாண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குக் கேக்காது. ஆடுகளுக்குக் கேக்கும்னு நெனைக்கேன். எம்புட்டுத் தாகமா இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதுக."

"யாரு கெணறு அது?"

"ஆவுடைத்தாயின்னு ஒரு அம்மா. ஒத்தக் குடிசை போட்டு இருந்தாக. ரோட்டுல போறவுக வாரவுகளுக்கு ஒரு கொடம் தண்ணி எப்பவும் வச்சிருப்பாக. எண்பத்து மூணுல பஞ்சம் வந்துச்சுல்ல, அப்ப மகளுக்குப் பிரசவம். பொட்டியெல்லாம் கட்டி வச்சுட்டாக, மக ஊருக்குப் போறதுக்கு. போறதுக்கு முந்தி, ரோட்டுக்காரவுகளுக்கு ஒரு கொடம் நெப்பி வச்சுட்டுப் போயிருவோம்னு கெணத்துக்குள்ள எறங்கி ஊத்துத் தோண்டியிருக்காக. பக்கம் பூராம் சரிஞ்சிருச்சு. அள்ள அள்ள மண்ணு விழுந்துச்சுய்யா. கடேசில அப்படியே விட்டுட்டோம். அவுக போக வேண்டிய பஸ்ஸு வந்து, ஹாரன் அடிச்சுப் பாத்துட்டுப் போச்சு."

"மக எந்த ஊரு?"

"குமாரலிங்கபுரம். விருதுநகர் போற வழி. பேரு மாரிக்கனி."

வெள்ளத்துரை திரும்பி வந்தான். கேன் நிறைந்து, வெளிப்பக்கமெல்லாம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அவன் முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது.

"எடம் இருக்கான்னு கேட்டாக அண்ணாச்சி."

சௌடப்பன் முள்ளுக் காட்டைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. ஆனால் பத்து வருடமாகப் பெட்டி கட்டி வைத்துவிட்டு நிற்கிற ஒருத்தியை அங்கேயே விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. பயம் இல்லாமல் இல்லை. பயத்தோடுதான் பின் கதவைத் திறந்தார்.

"இருக்குன்னு சொல்லு" என்றார்.

"அண்ணாச்சி..."

"சொல்லுப்பா."

வெள்ளத்துரை கேனைப் பார்த்தான். பிறகு முள்ளுக் காட்டைப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டே சொன்னான்: "எடம் இருக்கும்மா. வாங்க."

காற்றில்லை. கரையில் ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டு ஒன்றாகத் தலையைத் தூக்கின. சௌடப்பன் பிடித்திருந்த கதவு லேசாக அசைந்தது. வண்டி பின்பக்கம் ஒரு விரற்கடை இறங்கியது. புது மண்ணில் தண்ணீர் தெளித்த வாசம் அவரைக் கடந்து உள்ளே போனது. கதவைச் சாத்தினார். முதல் தடவை சரியாகச் சாத்தவில்லை. மறுபடி திறந்து சாத்தினார்.

கேன் தண்ணீரை முழுக்க ரேடியேட்டரில் ஊற்றச் சொன்னார். ஒரு மடக்குக்கூட மிச்சம் வைக்காமல் வெள்ளத்துரை ஊற்றினான்.

*

அருப்புக்கோட்டை வரைக்கும் இரண்டு பேரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. முள் அடியில் கிடந்தது, எஞ்சினையே போடாத மாதிரி. வெளியே அத்தனை வெயில் அடிக்க, பிடரியில் மட்டும் பின்னாலிருந்து குளிர் வந்துகொண்டிருந்தது. வளைவில் வண்டி திரும்பும்போதெல்லாம் பின் சீட்டின் ரெக்சின் கிரீச்சென்றது. உட்கார்ந்திருப்பவர் விழாமல் நகர்ந்து உட்காருகிற சத்தம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் முருகேஸ்வரி வண்டியைப் பார்த்துவிட்டுக் கூடையோடு ஓடி வந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள், சௌடப்பன் முகத்தைப் பார்த்தாள். சௌடப்பன் இறங்கி, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். அவள் கத்தவில்லை. பின் கதவைத் திறந்து சீட்டைத் தடவிப் பார்த்தாள். ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிற அகலத்துக்கு ரெக்சின் நனைந்திருந்தது.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு ஆம்பளைக முன்னால உக்காந்துக்கிட்டு, பொம்பளைய ஒத்தையில பின்னால போட்டுக் கூட்டியாந்தீகளாக்கும்" என்றாள். சொல்லிவிட்டு, மறுபக்கக் கதவைத் திறந்து, நனைந்த இடத்துக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை அளந்து கிள்ளி அந்த ஈரத்தின் மேல் வைத்தாள். "மக வீட்டுக்கு வெறுங்கையோட போகக் கூடாதும்மா."

குமாரலிங்கபுரம் போகிற வழி முழுக்க அவள் பேசிக்கொண்டே வந்தாள். வெயிலைப் பற்றி, பூ விலை பற்றி, தனக்குப் பிள்ளை தங்காமல் போனது பற்றி. இடையில் நிறுத்துவாள். பதில் சொல்ல ஆகிற நேரம் அளவுக்கு நிறுத்துவாள். பிறகு, "ஆமாம்மா, அதுவுஞ் சரிதான்" என்பாள். அவள் சும்மா தைரியத்துக்குப் பேசுகிறாளா, இல்லை ஏதாவது காதில் விழுகிறதா என்று சௌடப்பனுக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. கண்ணாடியில் பார்த்தார். அவள் பக்கம் மட்டும் தெரிந்தது.

ஊர் வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. மாரிக்கனி வீட்டை விசாரித்துப் போய் நிறுத்தினார்கள். ஓட்டு வீடு. வாசலில் ஒரு பெண் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முப்பதுக்குள் இருக்கும். கார் வந்து நின்றதும் யார் எவரென்று தெரியாமல் எழுந்து நின்றாள்.

சௌடப்பன் இறங்கினார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்தபடி, பின் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினார். சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

மாரிக்கனி திறந்த கதவையே பார்த்தாள். அவள் கையிலிருந்த சுளகு சாய்ந்து உளுந்து கொட்டியது. அதை அவள் கவனிக்கவில்லை. அவள் பார்வை கதவிலிருந்து மெல்ல நகர்ந்து, தரையைத் தொட்டு, ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி, தன்னை நோக்கி அடியடியாக வருவதைச் சௌடப்பன் பார்த்தார். உளுந்து கிடந்த இடத்தில் கொஞ்சம் மிதிபட்டு நசுங்கியது.

"ஏம்மா இம்புட்டு நேரம்?" என்றாள் மாரிக்கனி. கோபமாகத்தான் கேட்டாள். "வலியில நான் எம்புட்டுக் கத்துனேன், தெரியுமா?"

பிறகு நிலைப்படியை விட்டு ஒதுங்கி வழி விட்டாள். வாசல் குறுகல். இரண்டு பேர் ஒன்றாக நுழைய முடியாது. சற்று நேரம் கழித்து அவளும் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. மூன்று பேரையும் யார் என்றுகூட அவள் கேட்கவில்லை.

பின் சீட் காய்ந்திருந்தது. மல்லிகையைக் காணவில்லை.

*

அன்றைக்கு இரவு வெள்ளத்துரை வீட்டுப் பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, உப்புக் கரிக்கிறது என்று முகம் சுளித்தானாம். முருகேஸ்வரி அதைப் பட்டறைக்கு வந்து சொல்லும்போது சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள். ஆடி மாதத்துக்குள் அவனுக்குக் கன்னத்தில் சதை பிடித்துவிட்டது. நரிக்குடி ரோட்டில் போய் வந்துகொண்டுதான் இருந்தான். வண்டி அங்கே கொதிக்கவில்லை. அந்த இடம் வந்தால் மட்டும் வேகத்தைக் குறைத்துப் போவதாகச் சொன்னான். பழக்கம்தான் என்றான்.

சௌடப்பனுக்குத்தான் மனம் ஆறவில்லை. செய்தது நல்லதா, ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் விடக் கூடாத ஒன்றை விட்டுவிட்டு வந்தோமா என்று தெரியவில்லை. ரேடியேட்டர் என்றால் தண்ணீர் ஊற்றி, அடைத்து, காற்றடித்துப் பார்த்துவிடலாம். இதை எதில் வைத்துப் பார்ப்பது? மனைவி வெங்கடம்மாளிடம், அவர்கள் வீட்டில் பேசுகிற கன்னடத்தில், ஒரு நாள் ஆரம்பித்தார். அவள் கண்ணில் பயம் வந்ததைப் பார்த்துப் பேச்சை மாற்றிவிட்டார்.

ஐப்பசியில் ஈயமும் பித்தளைத் தகடும் வாங்க விருதுநகர் போனார். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. குமாரலிங்கபுரத்தில் ஆள் ஏற்ற பஸ் நின்றபோது ரோட்டைக் கடக்க நின்ற மாரிக்கனியைப் பார்த்தார்.

நன்றாகத்தான் இருந்தாள். எண்ணெய் தேய்த்துத் தலை வாரி, துவைத்த சேலை கட்டியிருந்தாள். பத்து வயதுப் பெண் ஒன்று முன்னால் குதித்துக்கொண்டு ஓடியது. மாரிக்கனி அதன் பின்னால் ஓடவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இடது கையை மடக்கி, யாருடைய முழங்கையையோ தாங்கிப் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு, மெல்ல இறங்கினாள். ஓர் அடி வைப்பாள், நிற்பாள், பக்கத்தில் பார்ப்பாள், அடுத்த அடி வைப்பாள். நடு ரோட்டில் நின்று சேலை முந்தானையை எடுத்து, தன் தலைக்குப் போடாமல், பக்கத்தில் தூறலுக்கு மறைத்துப் பிடித்தாள். ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

எதிரே வந்த லாரிக்காரன் ஹாரன் அடிக்காமல் நிறுத்தி வழி விட்டான். அவனுக்கு என்ன தெரிந்ததோ, ரோட்டைக் கடந்து முடியும்வரை பிரேக்கை மிதித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

பஸ் கிளம்பியது. கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்று, எங்கே போகணும் என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் சௌடப்பனுக்குக் காதில் விழுந்தது.